கரண்ட் இல்லாத நாளுக்கும் ஒரு பாடம்

(புதுக்கோட்டையில் ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மழைக்கும் புயலுக்கும் பள்ளி மூடப்படும்போது பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே படிக்க என்ன ஏற்பாடு செய்யலாம் என்று பேசச் சொன்னார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்தில் அந்த ஏற்பாட்டைச் செல்போனை நம்பிச் செய்யக் கூடாது. தாளையும் ஆளையும் நம்பிச் செய்ய வேண்டும். செல்போன் வேலை செய்கிற வீட்டில் அதுவும் கூட நிற்கட்டும், அதை நான் தடுக்க வரவில்லை. ஆனால் பள்ளியை மூடவைக்கிற அதே புயல்தான் கரண்டையும் டவரையும் முதலில் சாய்க்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. இந்த அரங்கில் இருக்கும் நீங்கள் எல்லோருமே பார்த்ததுதான்.

கஜா புயலை எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. அங்கிருந்து நம் மாவட்டத்தின் மேலேறி உள்ளே போனது. முந்தின நாளே பள்ளிகளுக்கு லீவு விட்டிருந்தார்கள், அது சரியான முடிவு. விடிந்து பார்த்தால் கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, மாங்காடு, ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை, அறந்தாங்கி என்று எந்தப் பக்கம் போனாலும் தென்னையும் பலாவும் வாழையும் சாய்ந்து கிடந்தன. பாதிக்கப்பட்ட மாவட்டங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து ஏறத்தாழ ஒரு லட்சம் மின்கம்பங்கள் விழுந்தன. தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து, வயல் சேற்றில் இறங்கித் தோளில் கம்பம் சுமந்து நட்டார்கள். அவர்களுக்கு ஊர் ஊராகச் சோறு ஆக்கிப் போட்டவர்கள், வீடு இழந்து நின்ற நம் சனங்கள். அப்படியும் சில கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது.

அந்த நாட்களில் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். மோட்டார் ஓடுகிற நேரம் மட்டும் பக்கத்தில் ஒரு பலகையில் வரிசையாக ப்ளக் வைத்து ஊருக்கே சார்ஜ் ஏற்றினார்கள். எந்தப் போன் யாருடையது என்று தெரியாமல் போகக் கூடாதென்று ஒவ்வொன்றின் முதுகிலும் துண்டுக் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. எழுதியது ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற ஒரு பெண்பிள்ளை. காகிதத்தைக் கிழித்துக்கொண்டே, "ஆத்தா, உங்க போனு நிறைய நேரம் நிக்கணுமா, கொஞ்ச நேரம் போதுமா?" என்று கேட்டுக் கேட்டு முறை வைத்தது. அப்படி ஏறிய சார்ஜ் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற மகனிடம் "உயிரோடு இருக்கிறோம்" என்று சொல்வதற்கு. நிவாரணப் பட்டியலில் பேர் இருக்கிறதா என்று கேட்பதற்கு. அந்தப் போனில் அறிவியல் பாடம் பார் என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

இதில் இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அதே 2018 ஜூனில்தான் தமிழ்நாட்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் கோடு அச்சிட்ட அழகான புத்தகங்கள். போனைக் காட்டினால் காணொளி வரும். நல்ல முயற்சி, நான் மனதாரப் பாராட்டிய முயற்சி. ஐந்து மாதத்தில் கஜா வந்தது. ஓடு பறந்த வீடுகளில் அந்தப் புத்தகங்கள் நனைந்து, தாளோடு தாள் ஒட்டி, கயிற்றுக் கட்டிலில் காயப் போடப்பட்டிருந்தன. காய்ந்த பக்கங்களைப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாரத்தில் அவர்களுக்கு மிச்சமிருந்த பள்ளிக்கூடம் அந்தக் காகிதம் மட்டும்தான்.

லீவு அடுத்தடுத்து நீண்டது. பல பள்ளிக் கட்டடங்களில் சனங்கள் தங்கியிருந்தார்கள். பள்ளிதான் முகாம். சில இடங்களில் பள்ளியின் கூரையும் சுற்றுச்சுவருமே போயிருந்தன. திறந்தபோது அரையாண்டுத் தேர்வு வாசலில் நின்றது. மாவட்டத் தலைநகரில் மாடி வீட்டிலிருந்து வந்த பிள்ளையும், வடகாட்டில் தார்ப்பாய்க்குக் கீழே தூங்கி எழுந்து வந்த பிள்ளையும் எழுதியது ஒரே அரையாண்டுத் தேர்வைத்தான். இந்த அநியாயத்தைச் சரிசெய்வதற்கான ஏற்பாட்டைத்தான் நாம் பேச வேண்டும். வீட்டிலிருந்து படிப்பது என்ற பேச்சு, எந்தப் பிள்ளைக்கு வீடே ஆடிப்போனதோ அந்தப் பிள்ளையிடமிருந்து தொடங்க வேண்டும்.

பள்ளி மூடுகிற காரணங்கள் இன்று கூடிக்கொண்டே வருகின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஆவுடையார்கோவில், மணமேல்குடிப் பக்கம் கண்மாய் நிறைந்து பாதை மூடுவது பழைய கதை. அது கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேலே பெய்கிற மழையும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் குடும்பத்தோடு முகாமுக்குப் போவதும் தெரிந்ததுதான். இப்போது வெயிலும் சேர்ந்துகொண்டது. 2023இல் ஜூன் 1 என்று இருந்த பள்ளித் திறப்பு வெயிலால் தள்ளித் தள்ளி, பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று ஆனது. 2024இல் ஜூன் 6 என்பது ஜூன் 10 ஆனது. இனி வரும் ஆண்டுகளில் இந்த நாட்கள் குறையும் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

ஒரு நாள் மழைக்கு விடுகிற லீவைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஒரு நாளைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். காலையில் லீவு விட்டவுடன் எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் வீட்டுப்பாடம் போடுகிற பழக்கம் சில பள்ளிகளில் வந்திருக்கிறது. அது எனக்குச் சம்மதமில்லை. மழையைப் பார்க்காத பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சனிக்கிழமை வைத்து ஈடுகட்டலாம். இத்தனை ஆண்டுகளாக அப்படித்தான் நடக்கிறது. மூன்றாவது நாளும் பள்ளி திறக்கவில்லை என்றால்தான் நான் சொல்லும் ஏற்பாடு தொடங்க வேண்டும். ஒரு நாள் லீவில் நமக்குத் தேவையானது வேறொன்று. அறிவிப்பு முந்தின நாள் இரவே வந்துவிட வேண்டும். காலை ஏழு மணிக்குச் செய்தி வருவதற்குள், ஆறரைக்குத் திருமயம் பேருந்தைப் பிடித்த பிள்ளை பாதி வழி வந்துவிடுகிறது. அதை நனைந்துகொண்டே திருப்பி அனுப்புகிறோம். வானிலை சில நாட்களில் ஏமாற்றும், உண்மை. ஆனாலும் கடைசி நேர அறிவிப்பின் பாரம் நடந்து வருகிற பிள்ளையின் தலையில்தான் விழுகிறது.

நீண்ட மூடலுக்கு வருகிறேன். நமக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் கொரோனா. 2020 மார்ச் 17 முதல் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இரண்டாம் வகுப்பில் வீட்டுக்குப் போன பிள்ளை நான்காம் வகுப்பில் திரும்பி வந்தது. அப்போது பள்ளியை மூடவைத்தது புயல் இல்லை, கரண்ட் இருந்தது, டவர் இருந்தது. 2019 ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியும் இருந்தது. அதில் பாடம் எடுத்த ஆசிரியர்களின் உழைப்பு பெரிது, பல வீடுகளுக்கு அது ஒன்றே துணையாக இருந்தது. என்றாலும் என்ன நடந்தது? 2021 ஆகஸ்டில் பொருளாதார அறிஞர் ஜான் திரேஸ் உள்ளிட்டோர் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் சுமார் 1,400 பேரிடம் ஆய்வு செய்தார்கள். கிராமங்களில் ஆன்லைனில் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு 8 பேர். எதுவுமே படிக்காமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 37 பேர். கரண்டும் டவரும் இருந்த காலத்துக் கணக்கு இது. புயல் நேரத்தில் என்ன ஆகும் என்பதை உங்கள் கணிப்புக்கே விடுகிறேன்.

ஏன் அப்படி ஆனது என்பது நம் வீடுகளுக்குள் போய்வந்தவர்களுக்குத் தெரியும். வீட்டில் ஒரு போன். அது அப்பாவின் சட்டைப் பையில். அவர் திருப்பூரிலோ திருச்சியில் கட்டட வேலையிலோ இருக்கிறார். ராத்திரி வந்தால் மூன்று பிள்ளைகளுக்கும் அதே போன். அதிலும் பையனுக்கு முதல் முறை, பெண்பிள்ளைக்குக் கடைசி முறை. நெட் பேக் மாதக் கடைசியில் தீர்ந்துவிடும். இந்த நிலை இன்று கொஞ்சம் மாறியிருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். மாறியிருக்கிறது. ஆனால் போன் இருக்கிற வீட்டுக்குள்ளேயே அது யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி மாறவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்பிக்கை அங்கேதான் இருக்கிறது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்துக்குப் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது. மாலையில் ஒன்றரை மணி நேரம், ஒரு தன்னார்வலருக்கு சுமார் 20 பிள்ளைகள், திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ மரத்தடியிலோ வகுப்பு. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சுமார் இரண்டு லட்சம் பேர் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளை வீட்டிலேயே சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி மூடியிருந்த காலத்தில் பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறு மாதங்களில் திரும்பி வந்துவிட்டது என்பது அவர்கள் கண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. அதிலும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள்தான் அந்த வகுப்புகளுக்கு அதிகம் வந்தார்கள். இதைச் செய்தது எந்தச் செயலியும் இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓர் அக்கா.

அந்த அக்காவைப் புதுக்கோட்டை அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே கண்டுபிடித்துவிட்டது. 1991இல் இங்கே எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். இங்கிருக்கும் மூத்தவர்களில் பலர் அந்த இயக்கத்தில் தொண்டர்களாக இருந்தவர்கள். நான் சொல்வதில் குறை இருந்தால் அவர்களே திருத்தலாம். பகலெல்லாம் கல் உடைத்தும் களை பறித்தும் வந்த பெண்கள், ராத்திரியில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். பள்ளிக்கூடம் என்று ஒரு கட்டடம் அவர்களுக்கு இல்லை. மணி இல்லை, வருகைப் பதிவேடு என்று ஒன்று இருந்தாலும் அதற்குப் பயப்படுகிறவர்கள் இல்லை. தொண்டர் வருவார், படிப்பு நடக்கும். தொண்டரால் எல்லா ஊருக்கும் போக முடியவில்லை என்றானபோது சைக்கிள் வந்தது. பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். முதலில் ஊர் வேடிக்கை பார்த்தது, சில இடங்களில் ஏசவும் செய்தது. பிறகு ஊரே கற்றுக்கொண்டது. மாவட்டம் முழுவதும் நடந்த சைக்கிள் விழாக்களில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996இல் வந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். 1992இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

இதைப் பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. அந்த இயக்கத்தின் வேலைமுறையைச் சொல்கிறேன். யார் எந்தத் தெருவுக்குப் பொறுப்பு என்று பேர் எழுதிய பட்டியல் இருந்தது. கையில் கொடுத்துவிட்டுப் போக ஒரு புத்தகம் இருந்தது. விளக்குக்கு மண்ணெண்ணெய் யார் கொடுப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்க் கூப்பிட ஆள் இருந்தது. நாம் இன்று தொலைவழிக் கல்வி என்று சொல்வதற்கு வேண்டியது இவ்வளவும்தான். தூரத்தைக் கடப்பது எது என்பதில்தான் மாறுபாடு. கம்பி அறுந்த அன்றைக்கும் சைக்கிள் போகும். சைக்கிள் போகாத சேற்றில் கால் போகும்.

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். எல்லாமே இணையத்தில் என்று முடிவு செய்த ஊர்களும் தடுமாறியிருக்கின்றன. 2024 பிப்ரவரி 13 அன்று பனிப்பொழிவுக்காக நியூயார்க் மாநகரம் தன் பள்ளிகளை மூடி, சுமார் 9 லட்சம் பிள்ளைகளையும் வீட்டிலிருந்து இணையத்தில் படிக்கச் சொன்னது. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைய முயன்றதில் ஏராளமானோரால் உள்ளேயே போக முடியவில்லை. உலகத்தின் மிகப் பணக்கார நகரங்களில் ஒன்று அது. 2024 நவம்பரில் தில்லியில் காற்று மாசு மிக மோசமாகி வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றினார்கள். அப்போது உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைக் குறிப்பிட்டது. பல பிள்ளைகளிடம் ஆன்லைனில் படிக்க வசதி இல்லை. பள்ளி மூடியதால் மதியச் சாப்பாடு கிடைக்காமல் போகிறது. நம் வழக்கு அங்கே பேசப்பட்டது போல இருந்தது எனக்கு.

இணையத்தை நம்பாமல் செய்தவர்களும் உண்டு. 1937 செப்டம்பரில் சிகாகோவில் போலியோ பரவியபோது பள்ளிகளைத் திறக்காமல் வானொலியில் பாடம் நடத்தினார்கள். அன்றைய பாடம் என்ன, எந்த நேரம், என்ன எழுத வேண்டும் என்று காலைப் பத்திரிகைகள் அச்சிட்டுக் கொடுத்தன. 2014, 2015இல் எபோலாவால் சியரா லியோனில் பள்ளிகள் மூடியபோதும் வானொலிதான் கைகொடுத்தது. 2020இல் ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளி ஆசிரியர்கள் தெருவில் ஒலிபெருக்கி கட்டிப் பாடம் எடுத்தார்கள். பிள்ளைகள் மரத்தடியிலும் வாசலிலும் உட்கார்ந்து கேட்டார்கள். நமக்குத் திருச்சி வானொலி நிலையம் 1939 முதல் இருக்கிறது, அதன் ஒலி நம் மாவட்டத்துக்குப் பழக்கமானது. ஆனால் வீடுகளில் ரேடியோப் பெட்டி அரிதாகிவிட்டது. ஊருக்கு ஒன்று, பள்ளியின் பொறுப்பில், பேட்டரியோடு இருந்தால் போதும். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற மைக் செட்டையும் பேட்டரியில் ஓட்டலாம். அதை வைத்திருப்பவர் உங்கள் ஊரிலேயே இருக்கிறார், அவர் பிள்ளையும் உங்கள் பள்ளியில்தான் படிக்கிறது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பாடத்தைவிட இதைப் பற்றிப் பேச எனக்கு அதிக ஆதங்கம் உண்டு. 1982 முதல் இந்த மாநிலத்தில் சத்துணவு இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆக, இன்று ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியை மூடினால் பிள்ளைக்கு இரண்டு வேளைச் சோறு நிற்கிறது. அதுவும் எந்த நாளில்? அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கூலி இல்லாத நாளில். மழையில் நூறு நாள் வேலை கிடையாது, கடலுக்குப் போக முடியாது, கட்டட வேலை கிடையாது. கொரோனா காலத்தில் சத்துணவுப் பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் உலர் பொருளாகக் கொடுத்தோம். அதே வழியைப் புயல் நாட்களுக்கும் நிலையான விதியாக்க வேண்டும். மூன்றாவது நாளில் தாளோடு அரிசியும் முட்டையும் போக வேண்டும். வெறும் வயிற்றோடு இருக்கும் பிள்ளையிடம் கணக்குத் தாளை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்க எந்த ஆசிரியருக்கும் மனம் வராது.

தாள் என்றால் என்ன தாள்? செப்டம்பர் கடைசிக்குள், மழை தொடங்குமுன், ஒவ்வொரு வகுப்புக்கும் பத்து நாள் வேலை அடங்கிய ஒரு கட்டு தயாராக இருக்க வேண்டும். நாளொன்றுக்கு ஒரு தாள், முன்னும் பின்னும். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, பள்ளியில் உயரமான அலமாரியில் பாதி, தெருப் பொறுப்பாளர் வீட்டில் பாதி. பாடநூலைத் திறந்து பக்கம் நாற்பதைப் படி என்று எழுதாதீர்கள். புத்தகம் நனைந்திருக்கும். தாளிலேயே எல்லாம் இருக்க வேண்டும். வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

ஒரு மாதிரி சொல்கிறேன், ஆறாம் வகுப்புக்கு. பக்கம் நேராக இருக்கும் ஒரு தகர டப்பாவை வெட்டவெளியில் வை. மறுநாள் காலை அதில் தேங்கிய தண்ணீரின் உயரத்தை ஸ்கேலால் அள. எத்தனை மில்லிமீட்டர்? ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உன் வீட்டுக் கூரை 30 சதுர மீட்டர் என்றால் நேற்றிரவு அதன்மேல் விழுந்த தண்ணீர் எத்தனை லிட்டர்? 50 மில்லிமீட்டர் பெய்திருந்தால் 1,500 லிட்டர் என்று பிள்ளை போட்டு முடிக்கும்போது, பெருக்கலோடு கண்மாயும் புரிந்துவிடும். தாளின் பின்பக்கம் தமிழ்: உன் அப்பத்தாவிடம் 1977 நவம்பரில் வந்த புயலைப் பற்றிக் கேள், நினைவிருந்தால் 1952 புயலையும் கேள், அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே பத்து வரி எழுது. இதற்கு நெட் வேண்டாம். முகாமில் உட்கார்ந்தும் செய்யலாம், முகாமில்தான் அப்பத்தாக்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தாள் தனியாக உதவாது. அங்கே ஆள் வேண்டும். தெருவுக்கு ஒருவர் என்று பட்டியல் போடுங்கள். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், பிளஸ் டூ முடித்த பெண், கல்லூரிக்குப் போகிற பையன், பணி ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று யாராவது ஒருவர் கட்டாயம் கிடைப்பார். நடந்து போகிற தூரத்தில் இருப்பவராகப் பாருங்கள். அறந்தாங்கியிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ பஸ்ஸில் வந்துபோகிற ஆசிரியரால் பாதை வெட்டுப்பட்ட அன்று வர முடியாது, அதில் அவர் தவறு ஒன்றுமில்லை. பாதுகாப்பான கான்கிரீட் கூரை எந்த வீட்டில், எந்த மண்டபத்தில் இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள். மழை விட்ட ஒரு மணி நேரம் அங்கே பிள்ளைகள் கூடினால் போதும். அந்த ஒரு மணி நேரத்தில் முதல் நாள் பாடமே வேண்டாம். யார் வீட்டில் என்ன போனது என்று பிள்ளைகள் பேசட்டும், படம் வரையட்டும். கஜாவுக்குப் பிறகு காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே அம்மாவைக் கட்டிக்கொண்ட பிள்ளைகளை உங்களில் பலர் வகுப்பிலேயே பார்த்திருப்பீர்கள்.

காது கேட்காத பிள்ளை, பார்க்க முடியாத பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் அந்தப் பட்டியலில் தனியாக இருக்க வேண்டும். அந்த வீட்டுக்குத் தாளும் ஆளும் முதலில் போக வேண்டும்.

அரசுக்கு ஒரு வார்த்தை சொல்லி ஆக வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், ஆறு முதல் எட்டு வரை 220 வேலை நாட்கள் என்று சொல்கிறது. வீட்டுக்குத் தாள் அனுப்பிய நாளையும், ஆன்லைன் இணைப்பு அனுப்பிய நாளையும் வேலை நாளாகக் கணக்கெழுத வேண்டும் என்ற யோசனை நாளை வரலாம். அதை ஏற்கவே கூடாது. அப்படி எழுத ஆரம்பித்தால் பள்ளியை மூடுவது எளிதாகிவிடும். திறக்க வேண்டிய அவசரம் குறைந்துவிடும். பழுதான கூரையை மாற்றுவதற்குப் பதில், வீட்டிலேயே படிக்கட்டும் என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிடும். இழந்த நாள் இழந்த நாள்தான். அதைச் சனிக்கிழமைகளிலும் கோடை விடுமுறையின் ஓரத்திலும் திருப்பிக் கொடுக்க வேண்டும். தாளும் தன்னார்வலரும் அந்த நாட்களில் பிள்ளையின் கை விட்டுப்போகாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டும். பள்ளிக்கு ஈடு எதுவும் கிடையாது.

இதற்கெல்லாம் செலவு அதிகமில்லை. நகலெடுக்கிற செலவு, பிளாஸ்டிக் உறை, ஒரு ரேடியோ, இரண்டு பேட்டரி. பள்ளி மானியத்தில் முடியாவிட்டால் முன்னாள் மாணவர்களைக் கேளுங்கள். சிங்கப்பூரில் இருக்கிற நம் ஊர்க்காரர் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுப்பதில் கால் பங்கு கொடுத்தாலும் ஒரு ஒன்றியத்துக்கே போதும். கேட்டால் கொடுப்பார்கள், கஜாவில் கேட்காமலேயே கொடுத்தவர்கள் அவர்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதுங்கள். தெருப் பொறுப்பாளர்களின் பேரைத் தீர்மானத்துக்குள்ளேயே எழுதுங்கள். பத்து நாள் தாளுக்கு வகுப்பாசிரியர் பொறுப்பு, அரிசி முட்டைக்குச் சத்துணவு அமைப்பாளர் பொறுப்பு, கான்கிரீட் கூரைக்கு இந்த வீட்டுக்காரர் சம்மதம் என்று தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு நாள், வெயில் அடிக்கும்போதே, ஒத்திகை பாருங்கள். தாள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேருகிறதா, எந்த வீடு விட்டுப்போகிறது என்று தெரிந்துவிடும். விட்டுப்போகிற வீடு பெரும்பாலும் ஊருக்கு வெளியே, காலனியிலோ கரையோரத்துக் குடிசையிலோ இருக்கும். அந்த வீட்டின் பேரைப் பட்டியலின் முதல் வரியில் எழுதுங்கள்.